மூன்றாம் ஓலை

சென்னை
6 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

டெர்வின் எழுதுவது. நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? இன்னும் டிங்கிப் படகை எடுத்துக்கொண்டு மீன்பிடிக்கப் போகிறாரா?

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவன் இதென்ன புதிதாகக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. இது எங்களுக்குக் கடைசி வருடம். ஒவ்வொருவரும் ஒரு பாடல் காணொளி எடுக்க வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு, அதற்குள் ஒரு கதை. பாட்டை என் வகுப்புத் தோழன் ஸ்ரீதர் போட்டுவிட்டான். ஆனால் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஆய்வுக் கோப்பு கொடுக்க வேண்டும் என்பது சந்திரமோகன் சாரின் சட்டம். அவர்தான் எங்கள் துறைத் தலைவர். கதையில் வருகிற விஷயத்தை அனுபவித்தவர்கள் தங்கள் கைப்பட எழுதியது கோப்பில் இருக்க வேண்டும். போன் பேச்சு செல்லாது. நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் கோப்புக்கு மட்டுமே.

நான் எடுக்கப்போவது உன் கதை. எட்டு வருடத்துக்கு முன்னால் ஹேடோ துறைமுகத்தில் உன் மாப்பிள்ளை வீட்டாருக்காகக் காத்து நின்றோமே, அந்தக் காலை. வகுப்பில் சொன்னபோது எல்லாரும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். சார் மட்டும், “இதுல உனக்கு நெஜமா என்னென்ன தெரியும்?” என்று கேட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. யோசித்துப் பார்த்தால் வரவேற்புக்குப் பிடித்த பேண்டுச் சத்தத்தைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை.

கோபப்படாதே. உன் பெயர் வராது, ஊர்ப் பெயர் வராது. அது நீதான் என்று ஒருவருக்கும் தெரியாது. சத்தியம். தனித்தாளில் முப்பத்தாறு கேள்விகள் வைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது எழுது.

அன்புத் தம்பி
டெர்வின்


சேசு மரி சூசை துணை

ஜங்லிகாட், போர்ட் பிளேர்
24 ஜூலை 2024

அன்புத் தம்பி டெர்வினுக்கு அக்கா செலின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்கு மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை இல்லை. சென்னைக்குப் போகிற பிள்ளைகளோடு அவர்கள் மூன்று பேரும் கப்பலைவிட்டு இறங்குவதில்லை போலிருக்கிறது. அப்பாவுக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. கடலுக்குப் போகாதீர்கள் என்றால் படகுத்துறை ஜெட்டிவரை போய்விட்டு வருகிறேன் என்பார். திரும்பி வரும்போது கையில் மீன் இருக்கும்.

முப்பத்தாறு கேள்வி. போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேட்க மாட்டார்கள். பகலெல்லாம் ஜெராக்ஸ் கடையில் ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்தால் எனக்கே ஒரு படிவம் காத்திருக்கிறது. சரி, கேட்டதற்குப் பதில்.

2016 ஏப்ரல் 14, வியாழக்கிழமை. கல்யாணம் அடுத்த திங்கள். கப்பல் எட்டு மணிக்கு வரவேண்டியது, பத்தரைக்குத்தான் துறையில் கட்டினார்கள். நாம் நின்றது மூன்றாம் ஷெட்டின் நிழலில். அப்பா, பெரியம்மா, நீ, நான், தெருக்காரர்கள் பதினோரு பேர். பெண் துறைமுகத்துக்கு வரக்கூடாது என்று பெரியம்மா தடுத்தார். அப்பாதான் வரட்டும் என்றார். பச்சைப் பட்டு, கடுகு நிறக் கரை. நிச்சயத்துக்கு அவர்கள் கொடுத்த புடவை. கடைசி ஆள் இறங்கும்போது மணி பன்னிரண்டே கால். அந்த மனிதர் கையில் ஒரு கூண்டும் அதற்குள் இரண்டு முயலும் இருந்தன.

ஓலை என்றால் என்ன என்று உன் குழுவினர் கேட்டதாகக் கேள்வித்தாளில் எழுதியிருந்தாய். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சுவாமியாரிடம் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். மூன்றாம் ஓலையும் வாசித்து முடிந்துவிட்டால் கல்யாணம் ஆனமாதிரிதான். எனக்கு மூன்றும் வாசித்திருந்தார்கள். அவன் ஏன் வரவில்லை என்பது முப்பதாவது கேள்வி. தூத்துக்குடியிலேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பதினேழிலிருந்து இருபத்து மூன்று வரை விட்டுவிட்டேன். அவை மனதில் என்ன ஓடியது என்ற கேள்விகள்.

ஒன்றை நன்றாகப் படித்துக்கொள். லாங் ஐலண்டிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசுகிறார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது ஆகிறது. இது நின்றால் இன்னொன்று வராது. உன் படத்தால் என் தலையில் ஒரு தூசி விழக்கூடாது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
செலின்


சென்னை
9 ஆகஸ்ட் 2024

சேசு மரி சூசை துணை. (போட்டுவிட்டேன்.)

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். சம்பந்தம் பற்றிப் படித்ததும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அவர் யார், என்ன செய்கிறார்?

அந்த முயல்கள். அக்கா, அந்த முயல்களை எந்தக் கதாசிரியனாலும் யோசித்து எழுத முடியாது. சந்திரமோகன் சார் உன் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினார். ஊர், பெயரெல்லாம் மறைத்துத்தான், பயப்படாதே. சின்ன விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தால்தான் பார்ப்பவன் பெரிய விஷயத்தை நம்புவான், சின்னதில் ஒன்று பிசகினாலும் நம்மைவிட்டு எழுந்து போய்விடுவான் என்று சொன்னார். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னும் பத்தொன்பது கேள்விகள் அனுப்புகிறேன். முக்கியமாக, கப்பல் காலியான பிறகும் பேண்டு வாசித்த ஞாபகம் எனக்கு. அது நிஜமா, நானாகக் கற்பனை செய்துகொண்டதா? கூடவே ஒரு ஒப்புதல் படிவம் இருக்கிறது. கல்லூரி நடைமுறை. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

டெர்வின்


சேசு மரி சூசை துணை

ஜங்லிகாட்
15 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. பதில் தாமதமாகிவிட்டது. மாதா திருநாளுக்கு அப்பாவோடு லாங் ஐலண்ட் போய்வந்தேன். திருநாள் என்பது சாக்கு, மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கத்தான் போனோம்.

அவர் பெயர் ராஜமாணிக்கம். படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். நாற்பதுக்கு இரண்டு குறைவு. மனைவி காய்ச்சலில் இறந்து நான்கு வருடமாகிறது. ஜோஸ்லின் என்று ஒன்பது வயதில் ஒரு மகள். வந்த அரை மணி நேரத்தில் என் பின்னலை அவிழ்த்து அவள் இஷ்டத்துக்குப் பின்னிவிட்டாள். ஒரு முறை மூன்று ஓலையும் வாசித்து எனக்குக் கல்யாணம் நின்றுபோனது என்று நானே அவரிடம் சொன்னேன். வேறு வாய் வழியாகப் போகக்கூடாது பார். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, “எனக்கும் ஒண்ணு முடிஞ்சு போச்சுல்லா. விடுங்க” என்றார். அவ்வளவுதான் பேசினார். திரும்பி வரும் படகு முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜெட்டி அழகாக இருக்கிறது. நீளமாகக் கடலுக்குள் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர் பச்சையாகத் தெளிந்து கிடக்கிறது. கரையில் ஒரு பெரிய மரம் நிற்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது என்று எழுதுகிறேன்.

பேண்டு நிஜம்தான். கப்பல் காலியானதும் பேண்டுக்காரர்களில் பெரியவர் அப்பாவிடம் வந்து, “சாச்சா, பஜாயேகா?” என்று கேட்டார், வாசிக்கலாமா என்று. தெருக்காரர்கள் எல்லாரும் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தலையை ஆட்டினார். ஒரு முழுப் பாட்டு வாசித்தார்கள். நாம் அசையாமல் நின்று கேட்டோம். இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது இது. அப்பாவுக்கு முன்னால் என்றைக்கும் பேசிவிடாதே.

படிவத்தைக் கடைசி வரிவரை படித்தேன். “என் வாழ்க்கை நிகழ்வுகளைத் தேவையான மாற்றங்களுடன் பயன்படுத்த ஆட்சேபணை இல்லை” என்று இருக்கிறது. அதன் கீழே, ‘அது நான்தான் என்று தெரியக்கூடாது’ என்று என் கையால் எழுதித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படிவத்தின் அடியில் கையால் எழுதுவதை ஆபீஸில் யாரும் படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீ படி.

உன் அக்கா
செலின்


சென்னை
18 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கல்யாணம் பிப்ரவரி பத்து என்று அப்பா போனில் சொன்னார். நான் இல்லாமலா? பரீட்சையைத் தள்ளிவைத்தாவது வருவேன்.

படப்பிடிப்பு நவம்பர் 18 முதல் 21 வரை. இங்கிருந்து ஏழு பேர் வருகிறோம். திட்டத்தை ஏழு தடவை மாற்றி எழுதிவிட்டேன். இவர்கள் சூரிய அஸ்தமனக் காட்சியை மாலை ஆறு மணிக்குப் போட்டிருந்தார்கள். ஆறு மணிக்கு அங்கே கொசுவைத்தான் படம் பிடிக்கலாம், நம் ஊரில் நவம்பரில் ஐந்துக்கே இருட்டிவிடும் என்று நான் சொன்னதும் மொத்தப் பட்டியலும் தலைகீழானது. இப்போது காலை நாலரைக்கு எல்லாரும் எழுந்தாக வேண்டும்.

பெரிய சிக்கல் ஒன்று. ஹேடோவில் எடுக்க எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பாதுகாப்புப் பகுதி என்று சொல்லிவிட்டார்கள். மூன்று இரவு தூக்கமில்லை. அப்புறம்தான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. நீளமான ஜெட்டி, பச்சைத் தண்ணீர், கரையில் மரம். லாங் ஐலண்ட். நீ எழுதியதை வைத்தே சார் இடத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். அத்தானிடம் போனில் பேசினேன். (இனி அத்தான்தானே.) ஏழு பேரும் தன் வீட்டிலேயே தங்கலாம், அம்மா சமைத்துப் போடுவார் என்று சொல்லிவிட்டார். என்ன மனுஷர் அக்கா.

அந்தப் பச்சைப் புடவை உன்னிடம் இருக்கிறதா? கிடைத்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.

டெர்வின்


ஜங்லிகாட்
26 அக்டோபர் 2024

தம்பிக்கு,

சுகம். லாங் ஐலண்ட் வேண்டாம். போனில் சொன்னபோது திட்டத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றாய். உனக்கு ஐந்நூறு தீவு இருக்கிறது. நான் வாழப்போகிற ஒரே தீவில்தான் அந்தக் காலையைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா?

எடுத்தே தீர்வாய் என்று தெரியும். சின்ன வயதிலிருந்தே உனக்கு ஒன்று வேண்டுமென்றால் வேண்டும்தான், நானும் கொடுத்துக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறேன். அப்படியென்றால் இது கற்பனைக் கதை என்று அவர்களிடம் சொல். யார் கதை என்று கேட்டால் யார் கதையும் இல்லை என்று சொல்.

புடவையைக் கேட்காதே.

செலின்


சேசு மரி சூசை துணை

ஜங்லிகாட்
6 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். படப்பிடிப்பு முடிந்து நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அப்பாவுக்கு வந்த செய்தியில் தெரிந்துகொண்டேன். எனக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை.

இங்கே கல்யாண வேலை நடக்கிறது. ஜனவரி 19, 26, பிப்ரவரி 2 என்று மூன்று ஞாயிறும் ஓலை வாசிக்கச் சுவாமியார் குறித்துக்கொண்டார். ஜோஸ்லினுக்குக் கவுன் நானே தைக்கிறேன். அளவு எடுக்கப் போனில் அவள் பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். கழுத்து பெரிதாகிவிடுமோ என்று பயம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பெட்டிகளை ஏற்றிவந்த நந்தகுமார் நேற்றுக் கடைக்கு வந்திருந்தான். படத்தில் மணப்பெண்ணாக வந்த ரூபா நன்றாக நடித்தாள் என்றான். பிறகு, “அந்தப் பொண்ணு எதுக்கு வயித்தையே பிடிச்சிட்டு நிக்குது தீதி? வயித்து வலியா?” என்று சிரித்துக்கொண்டு கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், டெர்வின்?

போனில் கேட்க முடியாது. ஒரே அறை வீடு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கடிதத்தில் எழுது. உடனே எழுது.

உன் அக்கா
செலின்


சென்னை
4 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள். இரவும் பகலும் எடிட்டிங், அதனால்தான் தாமதம். அப்பா நலமா? ஜோஸ்லினின் கவுன் எப்படி வந்திருக்கிறது?

என் ஆய்வுக் கோப்புக்கு நாற்பதுக்கு முப்பத்தொன்பது. துறையில் இதுவரை யாரும் வாங்காதது. அடுத்த வருட மாணவர்களுக்கு மாதிரியாக நூலகத்தில் வைக்கப் போகிறார்களாம். பெயர்களை மறைத்துவிட்டுத்தான்.

நீ கேட்டது பற்றி. அது சின்ன விஷயம். முதல் வரைவைப் பார்த்தபோது சார் ஒரு கேள்வி கேட்டார். மாப்பிள்ளை வரவில்லை, சரி, அவள் வீட்டுக்குப் போய்விடலாமே, நான்கு நிமிடம் நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று. உன் கடிதத்தை மறுபடி புரட்டினேன். நீயோ மனதில் ஓடியது பற்றிய அந்த ஏழு கேள்விகளை விட்டுவிட்டாய். அதனால் அங்கே ஒரு காரணம் தேவைப்பட்டது. பாடல் காணொளியில் வசனம் கிடையாது, கை எங்கே இருக்கிறது என்பதுதான் வசனம். பார்த்தால் உனக்கே புரியும். அழகாக வந்திருக்கிறது.

கடைசியில் உனக்காக ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன். இருபதாம் தேதி கல்லூரியின் இணையப் பக்கத்தில் வெளியாகிறது.

அன்புடன்
டெர்வின்


ஜங்லிகாட்
22 ஜனவரி 2025

டெர்வினுக்கு,

உன் ஆச்சரியத்தைப் பார்த்தேன். என் முதலாளியின் போனில் பார்த்தேன். ‘உண்மைச் சம்பவம். என் அக்காவுக்குச் சமர்ப்பணம்.’ அதன் கீழே உன் பெயர். உனக்கு எத்தனை அக்கா, டெர்வின்?

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாய், என் பெயரைப் போடவில்லை. பச்சைப் புடவையும் கடுகு நிறக் கரையும் எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறாய். கூண்டில் முயல் இருக்கிறது. அப்பா தலையை ஆட்டுவது இருக்கிறது. பேண்டு வாசிக்கிறது. நடுவில் என் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது.

ஜங்லிகாட் முழுக்க இப்போது அதே பாட்டுதான். கடைக்கு வருகிறவர்கள் ஆதார் அட்டையை நீட்டிவிட்டு என் வயிற்றைப் பார்க்கிறார்கள். அந்தத் துறைமுகத்தில் எங்களோடு நின்ற தெருக்காரர்களில் ஒருத்தி, அன்றைக்கே தனக்குச் சந்தேகம் இருந்தது என்று குழாயடியில் சொன்னாளாம். என்னோடு நின்றவள் அவள். நேற்று லாங் ஐலண்டுக்கும் போய்விட்டது. ராஜமாணிக்கத்தின் அம்மா அப்பாவுக்குப் போன் செய்து ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்.

முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு இருக்கிறது. நீ கிளம்பி வா. பிப்ரவரி 2-க்கு முன்னால் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, இது நான் இட்டுக்கட்டியது என்று உன் வாயால் சொல். போனில் சொல்லாதே, நான் சொல்லச் சொன்னதாக நினைப்பார்கள். கடிதம் வேண்டாம். நீயே வா. கப்பல் இல்லையென்றால் விமானத்தில் வா. போனை எடுத்தால் வகுப்பில் இருக்கிறேன் என்று கிசுகிசுக்கிறாய், அதனால்தான் விரைவு அஞ்சலில் எழுதுகிறேன். வா என்று இதற்கு முன் நான் உன்னைக் கூப்பிட்டதில்லை.

செலின்


சென்னை
28 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அதிலிருந்து சாப்பிடவில்லை. நம்பு. இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தச் சமர்ப்பணத்தை எவ்வளவு ஆசையாகப் போட்டேன் தெரியுமா.

கல்லூரியின் இணையப் பக்கத்திலிருந்து படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் மற்றவர்கள் இறக்கிப் பரப்பியிருக்கிறார்கள், அதை யாராலும் நிறுத்த முடியாதாம். அத்தானுக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

உடனே கிளம்பத்தான் நினைத்தேன். ஆனால் பிப்ரவரி 1 கல்லூரித் திரைவிழா. என் படம் முதல் மூன்றில் இருக்கிறது. இயக்குநர் நேரில் இல்லையென்றால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஏழு பேரின் உழைப்பு, அக்கா. எனக்காக மட்டும் என்றால் யோசித்தே இருக்க மாட்டேன்.

அதனால் சாரிடம் பேசி ஒரு கடிதம் வாங்கியிருக்கிறேன். இணைத்திருக்கிறேன். கர்ப்பம் தொடர்பான காட்சிகள் முழுக்க முழுக்கக் கற்பனை என்று கல்லூரி முத்திரையோடு கொடுத்திருக்கிறார். அத்தான் வீட்டில் காட்டு. சுவாமியாரிடமும் காட்டு. அந்தக் காட்சிகளை நீக்கி இரண்டாவது வடிவம் ஒன்று வெளியிடவும் திட்டம் போட்டிருக்கிறேன். அதற்கு யார் என்ன சொன்னார்கள், எந்த நாளில் சொன்னார்கள் என்று கொஞ்சம் விவரமாக எழுதி அனுப்பு. மறப்பதற்குள் எழுது.

எல்லாம் சரியாகிவிடும். கல்யாணத்துக்கு எட்டாம் தேதியே வந்துவிடுவேன்.

உன் தம்பி
டெர்வின்


ஜங்லிகாட்
17 பிப்ரவரி 2025

டெர்வினுக்கு,

நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நீ முதல் பரிசு வாங்குகிற புகைப்படத்தை முதலாளி எனக்குக் காட்டினார். கையில் கோப்பையோடு இளைத்துத் தெரிகிறாய்.

விவரம் கேட்டிருந்தாய். எழுதுகிறேன், எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஜனவரி 26, ஞாயிறு. இரண்டாம் ஓலை வாசித்தார்கள். என் பெயர் வந்தபோது முன் பெஞ்சில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜனவரி 30, வியாழன். காலைப் படகில் ராஜமாணிக்கம் வந்தார். தனியாக வந்தார். அப்பா வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். வந்தவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சண்டை போட வரவில்லை என்றார். பிறகு கேட்டார். “பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

எந்தப் பிள்ளையும் இல்லை, தம்பி கதைக்காகச் சேர்த்தது என்றேன். அவர் என்னை நம்பத்தான் ஆசைப்பட்டார், டெர்வின். முகத்தில் தெரிந்தது. ஆனால் நீ அவர் வீட்டில் நான்கு நாள் தங்கியபோது கோப்பைத் திறந்து காட்டியிருக்கிறாய். ஷெட், புடவை, முயல், பேண்டு எல்லாம் அக்கா கைப்பட எழுதியது, ஒரு வரிகூடக் கற்பனை இல்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். கற்பனை என்று சொல்லச் சொல்லி நான் உன்னிடம் கெஞ்சியிருந்தேன். அந்தக் கோப்பைத்தான் அவர் சொன்னார். “மத்ததெல்லாம் நீங்க எழுதுனது. நானே பார்த்தேன் உங்க கையெழுத்த. அது மட்டும் எப்படிப் பொய்யாவும்?”

நான் எழுதிக் கொடுத்த உண்மை எல்லாம் சேர்ந்து உன் ஒரு பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டது. நான் ஒன்றுமே எழுதாமல் இருந்திருந்தால் அது வெறும் பாட்டாகப் போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஜோஸ்லினைச் சுற்றி நின்றுகொண்டு பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடுகிறார்களாம். அதைச் சொல்லிவிட்டு ஆறிப்போன டீயைக் கீழே வைத்தார். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 2, ஞாயிறு. நானும் அப்பாவும் எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தோம். சுவாமியார் இரண்டு ஜோடிகளின் ஓலை வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். எங்கள் பெயர் இல்லை. நீ அதற்கு முந்திய நாள் பரிசு வாங்கினாய்.

உன் முத்திரைக் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. நல்ல தாள். அதை யாரிடமும் காட்டவில்லை. ஒரு பெண் கர்ப்பமாக இல்லை என்று காலேஜ் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறது என்று நான் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? எட்டாம் தேதி நீ வரவில்லை. வந்து என்ன செய்வது என்று உனக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகாது. போய்விடும் என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. என் கதையை எடுத்ததற்காக இல்லை. என் கதை உனக்குப் போதாமல் போனதற்காக. பச்சைப் புடவையோடு வெயிலில் நின்றேன், ஊர் பார்க்கப் பேண்டு வாசித்தது, என் அப்பா தலையை ஆட்டினார். அதற்கு மேலும் ஒரு காரணம் கேட்டார்கள், நீயும் தேடிக் கொடுத்தாய்.

இரண்டாவது வடிவம் எடுக்காதே. இனி எனக்குக் கேள்வித்தாள் அனுப்பாதே. இது கடைசி விவரம், இதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று மதியம் அப்பாவுக்குச் சோறு போட்டேன். கொஞ்ச நாளாக அவர் ஜெட்டிப் பக்கம் போவதில்லை. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி வைத்துக்கொண்டு உன் படத்தையே பார்க்கிறார். பிள்ளை எடுத்த படமாயிற்றே என்று விட்டுவிட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அன்னிக்கு நெசமாவே ஒண்ணும் இல்லையேம்மா?”

அன்றைக்கு என் பக்கத்தில், என் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றவர் அவர்.

இல்லை அப்பா என்றேன். சரிம்மா என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவ எழுந்து போனார்.

செலின்